அந்த ஓர் எழுத்தையும் சொல்லி அனுப்புங்கள்

செட்டிநாட்டு ஊர்களில் பெண்களுக்கான மார்பகப் பரிசோதனை முகாம்களை நடத்தும் நகரத்தார் சங்கத்தாருக்கும், காரியக்காரர்களுக்கும், முகாமுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வண்டி அனுப்பும் மருத்துவமனையாருக்கும், படம் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவர்களுக்கும் எழுதிக்கொள்வது.

வணக்கம்.

குறை சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் நன்றியைச் சொல்லாமல் தொடங்கினால் என் அப்பத்தா எழுந்து வந்து தலையில் குட்டுவார். கோவில் திருப்பணிக்கும் பாடசாலைக்கும் கொடுத்துப் பழகிய கைகள் இப்போது பெண்களின் உடம்புக்கும் கொடுக்கின்றன. பிள்ளையார் நோன்புக்கும் மாசிச் சிவராத்திரிக்கும் ஊர் நிறையும்போது, விடுதி வாசலில் பந்தல் போட்டு, காலையில் இட்லியும் வெள்ளைப் பணியாரமும் கொடுத்து, கூச்சப்பட்டு ஒதுங்கும் பெண்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து படம் எடுத்து அனுப்புகிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் இதை நான் நினைத்துப் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் 'மார்பு' என்ற சொல்லையே நாங்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். 'நெஞ்சில் ஒரு மாதிரி இருக்கிறது' என்போம். கேட்பவர் அதை வாய்வு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்.

என் குறை, முகாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து வரும் பழுப்பு நிற உறையைப் பற்றியது; அதற்குள் இருக்கும் அறிக்கையில் யாரும் விளக்கிச் சொல்லாத ஓர் எழுத்தைப் பற்றியது.

நான் பெண்கள் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியை. ஓய்வுபெற்ற பிறகு ஆங்கிலத்தில் வரும் எந்தத் தாளாக இருந்தாலும், வங்கிக் கடிதமோ மின்சார வாரிய நோட்டீஸோ ரத்தப் பரிசோதனைச் சீட்டோ, தெருவில் பாதிப் பேர் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டு முகப்புக்குத்தான் வருவார்கள். முகாம் நடந்த மாதத்தில் பழுப்பு உறைகள் வரும். 'எல்லாம் நார்மல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் டீச்சர், இருந்தாலும் ஒரு தடவை படித்துவிடுங்கள்' என்று நீட்டுவார்கள். படிப்பேன். எல்லாம் நார்மல் என்றுதான் இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு வரி மேலே ஒரு வாக்கியம் இருக்கும்: மார்பகத் திசுவின் அடர்த்தி ஏ.சி.ஆர். சி. சிலருக்கு டி.

போன தடவை எங்கள் தெருவில் சமையலுக்கு வரும் ஒரு பெண் அந்த எழுத்தை விரலால் தொட்டுக் காட்டி, 'மூன்றாம் தரம் என்று போட்டிருக்கிறதே, என்னுடையது அவ்வளவு மோசமா?' என்று கேட்டார். மதிப்பெண் அட்டையில் சி வாங்கிய மகளை நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அவருக்கு முன் வந்த ஆச்சியோ அடர்த்தி என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் முகம் மலர்ந்து, 'அடர்த்தி நல்லதுதானே' என்றார். முடி அடர்த்தி, பயிர் அடர்த்தி என்றே கேட்டு வளர்ந்த காது. ஒருவருக்குக் காரணமில்லாத அவமானம், இன்னொருவருக்குக் காரணமில்லாத சந்தோஷம். இரண்டுக்கும் காரணம், அந்த எழுத்தை அச்சடித்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அனுப்பியதுதான்.

உங்கள் அறிக்கையில் இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. இரண்டையும் வகுத்தது ஏ.சி.ஆர். என்னும் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பு. உலகத்தில் பல நாடுகளில் அதையே பின்பற்றுகிறார்கள். ஒன்று பைராட்ஸ் எண். 1 என்றால் படத்தில் ஒன்றுமில்லை, 2 என்றால் இருப்பது தீங்கற்றது, 4, 5 என்றால் சந்தேகம். 0 என்றால் இன்னும் படம் எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. இன்னொன்று ஏ, பி, சி, டி என்ற எழுத்து. எண், படத்தில் கண்டதைச் சொல்கிறது. எழுத்து, அந்தப் படத்தில் எவ்வளவு தூரம் காண முடிந்தது என்பதைச் சொல்கிறது. எண் 1 என்று வந்து எழுத்து டி என்று வந்தால் அதன் பொருள் 'ஒன்றும் இல்லை' என்பதல்ல. 'எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இந்தப் படத்தில் எல்லாம் தெளிவாகத் தெரியவும் இல்லை' என்பது. முகாம் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண் முதல் பாதியை மட்டும் சொல்லி உறையைக் கொடுக்கிறார். அவர் மேல் தவறில்லை. இரண்டாம் பாதியைச் சொல்லவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மருத்துவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பத்தி சங்கத்துப் பெரியவர்களுக்காக.

மார்பகம் என்பது கொழுப்பும், பால் சுரக்கும் சுரப்பிகளும், அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும் சேர்ந்தது. எக்ஸ்ரே கதிர் கொழுப்பைச் சுலபமாகக் கடந்துவிடும். படத்தில் அது கறுப்பாகவோ சாம்பலாகவோ விழும். சுரப்பியும் நாரும் கதிரை மறிக்கும். அவை வெள்ளையாக விழும். புற்றுக் கட்டியும் வெள்ளையாகத்தான் விழும். கருநிற ஆத்தங்குடிக் கல்லில் சிந்திய அரிசியை நின்ற நிலையிலேயே எண்ணிவிடலாம். வெள்ளைப் பளிங்கு பதித்த பட்டாலைத் தரையில் சிந்தினால் உட்கார்ந்து கையால் துழாவவேண்டும். ஏ என்பது கருங்கல் தரை. கிட்டத்தட்ட முழுவதும் கொழுப்பு. பி-யில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். சி-யில் பெரும்பகுதி வெள்ளை. சிறு கட்டி ஒளிந்துகொள்ள இடமுண்டு. டி என்பது முழுப் பளிங்கு. சி, டி இரண்டையும் சேர்த்து அடர்த்தியான மார்பகம் என்கிறார்கள்.

இது பார்த்துத் தெரிவதும் அல்ல, தொட்டுத் தெரிவதும் அல்ல. பெரிதா சிறிதா, தளர்ந்ததா கெட்டியா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேமோகிராம் எடுத்தால் மட்டுமே தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: இந்த ஒரு செய்தியை ஒரு பெண் தன் உடம்பிலிருந்து தானாக அறிந்துகொள்ள வழியே இல்லை. நீங்கள் சொன்னால் உண்டு.

மறைப்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அடர்த்தி தன்னளவிலேயே புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது. டெட்ராய்ட் நகரத்தில் ஜான் உல்ஃப் என்ற கதிரியக்க மருத்துவர் 1976-லேயே படங்களை நான்கு வகையாகப் பிரித்து, வெள்ளை மிகுந்த வகையில் பின்னால் புற்று அதிகமாக வருகிறது என்று எழுதினார். பலர் நம்பவில்லை. கட்டி அங்கே முதலிலேயே ஒளிந்திருந்து பிறகு வெளிப்படுகிறது, அவ்வளவுதான் என்றார்கள். டொராண்டோவின் நார்மன் பாய்டும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் துருவி, 2007-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள்: மார்பகத்தில் முக்கால் பங்குக்கு மேல் அடர்த்தி உள்ளவர்களுக்கு, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ளவர்களைவிட 4.7 மடங்கு வாய்ப்பு அதிகம். அந்த வேறுபாடு படம் எடுத்து ஆண்டுகள் கழிந்த பிறகும் மறையவில்லை. ஒளிந்திருந்தது மட்டுமே காரணம் என்றால் அப்படி நீடித்திருக்காது.

இந்த இடத்தில் கணக்கு ஆசிரியை கொஞ்சம் குறுக்கிடவேண்டும். 'நாலு மடங்கு, ஐந்து மடங்கு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது எனக்கும் வருகிறது. எதைவிட என்று யாரும் கேட்பதில்லை. வகுப்பிலேயே உயரமான பிள்ளையைக் கூப்பிட்டு, வகுப்பிலேயே குள்ளமான பிள்ளையின் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் பெரிதாகத்தான் தெரியும். டி வகையை ஏ வகையோடு ஒப்பிடுவது அப்படி. அமெரிக்கக் கணக்குப்படி பத்துப் பெண்களில் ஏறக்குறைய ஒருவர் ஏ, நால்வர் பி, நால்வர் சி, ஒருவர் டி. வகுப்பின் நடுவில் நிற்கும் பிள்ளையோடு ஒப்பிட்டால் டி-க்கு இரண்டு மடங்கு அளவில்தான் வரும். சி-க்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். சி, டி எழுத்துள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் இந்த நோயைக் காண்பதில்லை. ஏ எழுத்துள்ளவர்களுக்கும் வருகிறது. நாற்பது தாண்டிய பெண்களில் பாதிப் பேருக்கு இருக்கும் ஒன்றை நோய் என்று சொல்லமுடியாது.

பயமுறுத்துவது என் எண்ணம் இல்லை என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். இனி என் தங்கையைப் பற்றி.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அவளுக்கு நாற்பத்தொன்பது. சிவராத்திரிக்கு ஊருக்கு வந்தவளை நான்தான் முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எந்த ஊர் முகாம், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். 'அப்பளம் இடுவதுபோல் வைத்து அழுத்துகிறார்கள்' என்று முனகிக்கொண்டே வந்தாள். உறை வந்தது. எண் 1, எழுத்து டி. அன்றைக்கு எனக்கும் அந்த எழுத்தின் பொருள் தெரியாது. 'நார்மல்தான், போ' என்று நானே சொன்னேன். அவள் அதைப் பெட்டகத்தில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டாள். அந்த ஐப்பசியில், குளிக்கும்போது, இடது பக்கம் அக்குளை ஒட்டிக் கையில் ஒன்று தட்டுப்பட்டது. 'போன மாசிதானே நார்மல் என்றார்கள்' என்று மேலும் ஆறு வாரம் தள்ளிப்போட்டாள். அந்த நார்மல் என்ற சொல்தான் அவளை அந்த ஆறு வாரம் உட்கார வைத்தது. புற்று மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, பழைய படம் இருக்கிறதா என்பது. படத்தை எங்களுக்குக் கொடுக்கவில்லை, தாள் மட்டும்தான். இரண்டாவது கேள்வி, அடர்த்தி டி என்று இருக்கிறதே, அப்போதே அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொன்னார்களா என்பது.

மாசியில் அந்தக் கட்டி அங்கே இருந்ததா, பிறகு வேகமாக வளர்ந்ததா என்று எந்த மருத்துவராலும் சொல்லமுடியவில்லை. இரண்டு படங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் முளைத்து வளரும் கட்டிகளும் உண்டு. ஆகவே என் தங்கையின் கணக்கை எழுதி யாரையும் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அறுவையும் மருந்தும் முடிந்து, முடி மறுபடி வளர்ந்து, இப்போது பழையபடி என்னோடு சண்டை போடுகிறாள். ஆனால் அந்த எழுத்தின் பொருளை யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஐப்பசியில் அந்த ஆறு வாரம் போயிருக்காது. அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. நான்சி கப்பெல்லோ என்ற கல்வித்துறை அதிகாரி ஆண்டு தவறாமல் மேமோகிராம் எடுத்தவர். 2003 கடைசியில் எடுத்த படம் நார்மல். சில வாரங்களில், 2004 பிப்ரவரியில், முற்றிய நிலையில் புற்று. நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது. தன்னுடையது அடர்த்தியான மார்பகம் என்பதை அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டார். ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அது வழக்கமில்லை என்ற பதில் வந்தது. வழக்கத்தை மாற்றினார். 2009-ல் அந்த மாநிலம், அடர்த்தியைப் பெண்ணுக்கே தெரிவிக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அவர் 2018-ல் இறந்துபோனார். 2024 செப்டம்பர் 10 முதல் அமெரிக்கா முழுவதும் எந்த மையம் மேமோகிராம் எடுத்தாலும், உன் மார்பகம் அடர்த்தியானதா இல்லையா என்று அந்தப் பெண்ணுக்கே எளிய மொழியில் எழுதித் தரவேண்டும் என்பது மத்திய அரசின் விதி. இருபது ஆண்டு ஆகியிருக்கிறது ஒரு பெண்ணின் கேள்விக்கு.

நமக்குச் சட்டம் எதற்கு? எழுதி வைக்கிற விஷயத்தில் நம்மைச் சட்டம் வந்து திருத்தவேண்டிய நிலையா இருக்கிறது? சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் எழுதியே ரங்கூன் வரை வியாபாரம் செய்த ஊர் இது. கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமணப் பதிவு எழுதுகிறோம். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானில் வெள்ளிக் கிண்ணத்திலிருந்து பித்தளைக் கரண்டி வரை எழுதுகிறோம். மாப்பிள்ளை வீட்டு ஏட்டில் ஒரு தாம்பாளம் விட்டுப்போனால் மூன்று தலைமுறை அதைப் பேசும். அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றிய ஓர் எழுத்தை மட்டும் அவளுக்குப் புரியாத மொழியில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிடுகிறோம். என்ன நியாயம் இது?

'சொன்னால் பெண்கள் பயந்துவிடுவார்கள்' என்று ஒரு சங்கத்துப் பெரியவர் என்னிடம் சொன்னார். மதிப்புக்குரியவர்; பெயர் வேண்டாம். அண்ணனுக்குப் பணிவோடு சொல்கிறேன்: நம் ஊர்ப் பெண்கள் சர்க்கரை அளவு, ரத்தக் கொதிப்பு, கொலஸ்டிரால் என்று மூன்று எண்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு பந்தியில் பக்கத்து இலைக்காரியோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். நான்காவதாக ஓர் எழுத்தைச் சேர்த்தால் மயங்கி விழமாட்டார்கள். பயம் வருவது பாதி தெரிந்தால்தான்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் மருத்துவர்களிடம் இருக்கிறது. அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன். அடர்த்தி என்று சொன்னால் அடுத்து என்ன செய்யச் சொல்வது? எல்லோரையும் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவதா? ஜப்பானில் நாற்பதுகளில் இருந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மேமோகிராமோடு அல்ட்ராசவுண்டும் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். இருந்த புற்றில் கண்டுபிடித்தது மேமோகிராம் மட்டும் என்றால் 77 சதவீதம், இரண்டும் சேர்ந்தால் 91 சதவீதம். ஆனால் புற்றே இல்லாத பெண்கள் சிலரும் கூடுதலாக அலைய நேர்ந்தது, சந்தேகம் தீர ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்கவும் நேர்ந்தது. நெதர்லாந்தில் டி வகைப் பெண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுக்க அழைப்பு அனுப்பிப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே வெளிப்படும் புற்று, அழைக்கப்படாதவர்களில் ஆயிரத்துக்கு 5, அழைக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 2.5. சரி பாதி. ஆனாலும் கூடுதல் பரிசோதனையால் சாவு குறைகிறது என்று சொல்லப் போதிய சான்று இன்னும் இல்லை என்று அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2024-ல் எழுதியிருக்கிறது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. மேலே என்ன செய்வது என்பதில் உலகத்திலேயே ஒரு முடிவு வரவில்லை. சொல்லவேண்டுமா என்பதில் அந்தத் தயக்கம் தேவையில்லை. என்ன செய்வது என்று அவளும் அவளுடைய மருத்துவரும் உட்கார்ந்து பேசுவதற்கே முதலில் அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டுமே.

நம் நாட்டுக்கு இது கூடுதலாகப் பொருந்த ஒரு காரணம் உண்டு. மேல்நாட்டைவிட இங்கே மார்பகப் புற்று ஏறக்குறைய பத்து ஆண்டு முந்தி வருகிறது; நாற்பதுகளில் நிறையப் பேருக்கு. வயது குறைந்த மார்பகம் அடர்த்தி கூடியது. மாதவிலக்கு நின்ற பிறகுதான் பெரும்பாலும் கொழுப்பு கூடிப் படம் தெளியும். ஆக, மேமோகிராம் எந்த வயதில் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதோ, அந்த வயதில்தான் நம் பெண்களுக்கு அது அதிகம் தேவைப்படுகிறது.

கேட்டு வருபவர்களிடம் நான் சொல்லும் சில்லறைச் செய்திகளையும் எழுதிவிடுகிறேன். அடர்த்தி பெருமளவு பிறப்போடு வருவது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். பத்தியத்தாலோ கஷாயத்தாலோ குறையாது. மாதவிலக்கு நின்ற பிறகு எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் மாத்திரைகளில் சில அதைக் கூட்டும். ஆகவே அந்த மாத்திரை எழுதும் மருத்துவரிடம் உங்கள் எழுத்தைச் சொல்லுங்கள். உடம்பு பருத்தால் படத்தில் அடர்த்தி குறைவாகத் தெரியும். அதற்காக மகிழ்ந்துவிடக் கூடாது, மாதவிலக்கு நின்ற பிறகு பருமன் தனியாகவே இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது. (கணக்கில் இப்படி ஒரு பக்கம் கழித்தால் மறு பக்கம் கூட்டும் விசித்திரங்கள் உண்டு, பிள்ளைகளுக்கு விளங்கவைப்பதற்குள் மணி அடித்துவிடும்.) 'நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவள், எனக்கு வராது' என்பவர்களுக்கு: பால் கொடுத்தது வாய்ப்பைக் குறைத்திருக்கிறது, உண்மை, இல்லாமல் ஆக்கவில்லை.

இன்னொன்று, யந்திரத்தின் மேல் மட்டும் பாரத்தைப் போடாதீர்கள். மும்பையில் 1998-ல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் சோதித்தாலே, ஐம்பது தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நம் முகாம்களில் வண்டிக்குள் போய்வருவதோடு முடிந்துவிடுகிறது. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு திரை, ஒரு கட்டில், பயிற்சி பெற்ற ஒரு செவிலி. இதற்குப் பந்தல் செலவில் கால் பங்குகூட ஆகாது.

நம் வட்டாரத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கடனும் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தது. அந்தப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்தவர். அந்த ஆற்றாமையை முப்பது ஆண்டு சுமந்து 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நோயின் பெயரைச் சொல்லவே கூசிய காலத்தில் அவர் மேடை ஏறிப் பேசினார்.

சரி, நான் கேட்பது என்ன? ஆங்கில அறிக்கையோடு தமிழில் ஒரு சீட்டு. நானே எழுதிப் பார்த்தேன், மருத்துவர்கள் திருத்திக்கொள்ளலாம்:

'உங்கள் படத்தில் இப்போது சந்தேகப்படும்படி எதுவும் தெரியவில்லை. உங்கள் மார்பகத் திசு அடர்த்தியானது. உங்கள் எழுத்து ……. இது நோய் அல்ல. பெண்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். ஆனால் அடர்த்தியான திசுவில் சிறு கட்டி மறைந்துபோகலாம். புற்று வரும் வாய்ப்பும் ஓரளவு கூடும். அம்மா, அக்கா, தங்கை, மகள் யாருக்காவது மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அல்ட்ராசவுண்ட் முதலிய வேறு பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள். கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் ரத்தக் கசிவு, இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த முகாமுக்குக் காத்திருக்காதீர்கள். இந்தப் படம் நார்மல் என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.'

கடைசி வரியை மட்டும் யாரும் வெட்டவேண்டாம். அது என் தங்கையின் ஆறு வாரம்.

ஏ, பி எழுத்து வந்தவர்களுக்கும் சீட்டு கொடுங்கள். 'அடர்த்தி இல்லை' என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். படத்தைக் குறுந்தகட்டிலோ, மகள் கைப்பேசிக்கோ அனுப்புங்கள்; அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. டி எழுத்து வந்தவர்களைச் சங்கத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசவேண்டும். பத்தில் ஒருவர்தான்; நூறு பேர் முகாமில் பத்து அழைப்பு.

அந்த அழைப்பில் யாரை முதலில் கூப்பிடவேண்டும் என்பதிலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நோன்புக்கும் படைப்புக்கும் வந்துபோகும் ஆச்சிமார் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்கு ஸ்கேன் எட்டும் தூரம். பூட்டிக்கிடக்கும் வீடுகளைத் திறந்து பெருக்கி, கோலம் போட்டு, விளக்கேற்றிவிட்டுப் போகும் பெண்கள்தான் ஆண்டு முழுவதும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் என்றால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் காத்திருப்பும். முகாம் நன்கொடையில் அவர்களுக்கென்று ஒரு பகுதியை எடுத்துவையுங்கள். காரைக்குடியில் உள்ள ஸ்கேன் மையத்தார் யாரேனும் குறைந்த கட்டணத்துக்கு ஒத்துக்கொண்டால், முகாம் பந்தலில் அவர்கள் பெயரைப் பெரிதாகவே எழுதிக்கொள்ளட்டும். நம் ஊரில் கல்வெட்டில் பெயர் போடாமல் எந்தத் தர்மம் நடந்திருக்கிறது?

சீட்டைத் தட்டெழுதி, திருத்தி, அச்சுக்குக் கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். வரும் மார்கழி முகாமில் உறை கொடுக்கும் நாளன்று காலை ஏழு மணி முதல் நான் பந்தலில் இருப்பேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி போதும். மேசையைக் கொஞ்சம் தள்ளி, தூணுக்கு அந்தப் பக்கம் போடுங்கள். சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருத்தி,
காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்

பின்குறிப்பு: பெயர் பதியும் மேசையில் போன தடவை மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். 'கட்டி ஏதும் இருக்கிறதா?' என்று அவர்கள் சத்தமாகக் கேட்க, என் கண்ணெதிரே நான்கு பெண்கள் 'இல்லை' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். அவர்களில் ஒருத்தி மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள். அந்த மேசையில் பெண்களை உட்கார வையுங்கள்.